கோடையில் கண்டவர் கடன்

சித்திரை பிறந்துவிட்டால் நம் நாளேடுகளின் மாவட்டப் பக்கங்களில் ஒரே வகைச் செய்தி திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். இன்ன அடிவாரத்தில் யானைக் கூட்டம் முகாம், இன்ன தடுப்பணையில் காட்டுமாடுகள், இன்ன சாலையைக் கடந்து போனது சிறுத்தை. கண்டு களித்த சுற்றுலாப் பயணிகளின் மகிழ்ச்சியைச் சொல்லிப் பெரும்பாலும் செய்தி முடியும். இப்போது நாளேட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. காலையில் தண்ணீர் குடிக்க வந்த யானை மதியத்துக்குள் நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தக் கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு. கோடையில் காட்டுயிர் கண்ணில் படுவதை நமக்கு வாய்த்த பேறு என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது அந்த உயிரின் முடையிலிருந்து பிறக்கும் காட்சி. முடைப்பட்டவனைக் கண்டவனுக்கு ஒரு கடமை வந்து சேரும் என்றால், கோடையில் விலங்கைக் கண்டவனுக்கும் அது வந்து சேர வேண்டும். நம் பாலைத்திணைப் புலவர்கள் அறிந்திருந்த இந்த எளிய அறத்தை, சரணாலயங்களும் புலிகள் காப்பகங்களும் அமைத்துக்கொண்ட பிறகு நாம் தவறவிட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. அதை இங்கே சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் தெரிந்த மலையை வைத்துப் பேசுவது நல்லது. டி. கல்லுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில், மலைத்தொடர் ஒரு நீலக்கோடாகத் தெரியும். பேரையூர் வழியாகச் சாப்டூர் போனால் கோடு மலையாகிவிடும். அந்த மலையில்தான் சதுரகிரி. இந்தச் சமவெளி மக்களுக்கு மலை என்றால் முதலில் மகாலிங்கசாமி. ஆடி அமாவாசைக்கு ஏறி இறங்கிய கதை இல்லாத வீடு இங்கே குறைவு.

அதே மலை வனத்துறையின் ஏட்டில் வேறு பெயர்களில் இருக்கிறது. 1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் ஐந்தாவது, நாட்டில் 51ஆவது. மொத்தப் பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். யானை, காட்டுமாடு, மிளா, வரையாடு, செந்நாய், சிறுத்தை, புலி என்று வழக்கமாகச் சொல்லும் பட்டியல் இதற்கும் உண்டு. பட்டியலில் சேர்க்காத ஒன்று தண்ணீர். மேற்கே வருசநாட்டுப் பக்கம் இறங்கும் நீர் வைகை. கிழக்கே சாப்டூர்ப் பக்கம் இறங்குவது குண்டாற்றுக்குப் போகிறது. மதுரைக்காரன் குடிக்கும் தண்ணீருக்கும் இந்தப் பக்கத்துக் கண்மாய்களின் கொள்ளளவுக்கும் இந்தக் காடு நேர்ப்பொறுப்பு. ஆகவே காட்டில் கோடை எப்படிப் போகிறது என்பது விலங்குப் பிரியர்களுடைய கவலை மட்டும் ஆகாது.

மலையின் கிழக்குச் சரிவு மழைமறைவுப் பக்கம். தென்மேற்குப் பருவமழையை மேற்கு முகம் வாங்கிக்கொண்டுவிடும். இந்தப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. தை பிறந்தபின் ஈரம் குறையத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் அடிவாரத்து மரங்கள் இலையுதிர்க்கின்றன. புல் காய்கிறது. ஓடை அறுந்து குட்டைகளாகிறது. பிறகு குட்டைகளும் ஒவ்வொன்றாக வற்றுகின்றன. மழைக்காலத்தில் நூறு இடங்களில் பரவியிருந்த உயிர்கள் இப்போது மூன்று நான்கு நீர்நிலைகளை நோக்கி வர வேண்டும். யானை ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் விலங்கு. வராமல் இருக்க முடியாது. மறைக்க இலையும் இல்லை.

கோடைக் காட்சியின் இரகசியம் இவ்வளவுதான். மறைவு போய்விட்டது, தண்ணீர் குறைந்துவிட்டது. இந்த இரண்டும் நடக்காவிட்டால் நாம் எதையும் பார்க்கப் போவதில்லை. வேட்டைவிலங்கு இந்த இரகசியத்தை அறியும். பழைய வேட்டைக்காரர்களும் அறிந்திருந்தார்கள். இப்போது கோடை விடுமுறையைத் திட்டமிடுகிறவர்களும் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

*

கலித்தொகையில் பாலைக்கலிப் பாடல்கள் பாலை பாடிய பெருங்கடுங்கோவுடையவை. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்ததிலிருந்து இன்று வரை தமிழ் வகுப்புகளில் மிகுதியாகப் பேசப்பட்டவற்றுள் ஒன்று அதன் 11ஆம் பாடல். அதில் வருபவை மூன்று கோடைக் காட்சிகள். கன்று கலக்கிவிட்ட கொஞ்சத் தண்ணீரை முதலில் பிடிக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறது ஒரு களிறு. வெயிலில் சோர்ந்த பெடைக்குத் தன் சிறகால் விசிறுகிறது ஓர் ஆண்புறா. மரநிழல் எங்கும் இல்லாத வெளியில் தன் உடம்பின் நிழலைப் பிணைக்குத் தந்து நிற்கிறது ஒரு கலைமான்.

இந்த மூன்றையும் அன்பின் சித்திரங்களாகவே நாம் பாடம் நடத்துகிறோம், அது சரிதான். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது பற்றாக்குறை. தண்ணீர் தாராளமாக இருந்தால் களிறு விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நிழல் இருந்தால் கலைமான் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. புலவன் பற்றாக்குறையை மறைக்கவில்லை; அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அன்பைச் சொல்கிறான்.

இன்னொன்று, பாட்டைச் சொல்பவள் தலைவி. காட்டை அவள் பார்த்ததில்லை. பொருள் தேடப் போகும் தலைவன் வழியின் கொடுமையைச் சொன்னபோது இவற்றையும் சொல்லியிருக்கிறான். அதை நினைவில் வைத்துக்கொண்டு தோழியிடம் அவள் வாதிடுகிறாள்: இப்படிப்பட்டவற்றை உடைய காடு என்று சொன்னவர், அந்தக் காட்டின் வழியே போகிறவர், திரும்பாமல் இருப்பாரா? பல்லி சொல்கிறது, இடக்கண் துடிக்கிறது, வந்துவிடுவார். இலக்கணக்காரர்கள் இதை இறைச்சி என்பார்கள். கருப்பொருளின் வழியே கருப்பொருளுக்கு அப்பால் ஒரு பொருள் பிறப்பது. எனக்கு இதில் ஓர் ஒப்பந்தத்தின் சாயலும் தெரிகிறது. களிற்றைக் கண்டவன் களிற்றைப் போல் நடந்துகொள்ளக் கடமைப்பட்டவன். கண்டதற்கு ஒரு விலை உண்டு. அவன் வீடு திரும்பித்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

ஒருமுறை வகுப்பில் இந்தப் பாட்டு முடிந்தபின், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "ஐயா, அந்த ஆளு எங்கெ நின்னு பாத்தாரு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல யானை தண்ணி குடிக்க வந்தா அந்தப் பக்கமே போக மாட்டோம்யா. நாம நின்னா அது குடிக்காது, கன்னுக்குட்டியெ வச்சிக்கிட்டு அப்படியே நிக்கும்" என்றான். உரையாசிரியர்கள் யாரும் எழுப்பாத கேள்வி. தலைவன் வழிப்போக்கன், பார்த்தபடியே கடந்து போயிருப்பான், நின்று பார்த்திருக்க மாட்டான் என்று பதில் சொன்னேன். அந்த வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் சாரம். கடந்து போகிறவனின் கண்ணில் பட்ட காட்சி ஒன்று. காட்சிக்காகத் தண்ணீர்க்கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதில், பார்க்கிறவனுடைய ஒவ்வொரு நிமிடமும் குடிக்கிறவனுடைய நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

*

இனி, சரணாலயத்துக்குப் பெயர் தந்த அணிலிடம் வருவோம்.

சாம்பல் நிற மலை அணில் இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில துண்டுக் காடுகளிலும் மட்டுமே வாழ்வது. நம் முற்றத்து அணிலோடு ஒப்பிட்டால் பூதம். எடை ஒரு கிலோவைத் தாண்டும், உடலுக்கு நிகராக வாலும் நீளம். குறுந்தொகையில் அணில் விளையாடும் முற்றம் என்ற உவமையாலேயே பெயர் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார், அணிலாடு முன்றிலார். ஆள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் இறங்கி ஆடுவது சிற்றணில். இந்தப் பெரிய அணில் முற்றத்துக்கு வராது, முடிந்தவரை மண்ணுக்கே வராது. உயரமான மரத்தின் தலையில் இலையும் குச்சியும் கொண்டு கூடு கட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே உணவு தேடி, கிளை வழியாகவே தப்பிக்கும் உயிர். அதற்குக் காடு என்றால் ஒன்றோடொன்று கிளை தொட்டு நிற்கும் மரங்கள். தொடர்ச்சி அறுந்தால் கீழே இறங்கி ஓட வேண்டும். இறங்கினால் நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது.

ஆகவே கோடையில் இந்த அணில் தரையில் ஓடுவதை ஒருவர் படம் பிடித்து அனுப்பினால், அரிய காட்சி என்று பாராட்டுவதற்கு முன், எந்த இரண்டு மரங்களுக்கு இடையே அது இறங்கியது, நடுவில் இருந்த மரம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். அடிவாரத்தின் மாந்தோப்புகளும் ஓடைக்கரைப் புளியமரங்களும் இந்த அணிலுக்குக் காட்டின் நீட்சிதான். அரசின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பழைய மாந்தோப்பை அழித்து மனை போடும்போதும், சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டும்போதும், சரணாலயத்தின் ஒரு சதுர அடிகூடக் குறைவதில்லை. அணிலின் காடு குறைகிறது. ஆயிரம் சதுர கிலோமீட்டர் என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாம் நிம்மதியாக இருப்பதற்கு இடமில்லை.

*

தோப்பு என்றதும் தோப்புக்காரரின் குரலும் கேட்கத்தான் வேண்டும். சாப்டூரிலோ வத்திராயிருப்பிலோ இராஜபாளையத்துப் பக்கமோ தென்னை வைத்திருப்பவரிடம் போய் 'கோடையில் யானை காணக் கிடைக்குமா' என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது காட்சி ஆகாது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்த்த மரத்தின் குருத்து ஓர் இரவில் போய்விடும். குத்தகைக்குத் தோப்பெடுத்தவர் என்றால் பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். இழப்பீட்டு மனுவை யார் பெயரில் எழுதுவது என்பதிலேயே மாதங்கள் ஓடும். இன்னும் கீழே, கல்லுப்பட்டிச் சமவெளியில், மக்காச்சோளக்காரரின் தலைவலி காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று அறிவித்தது. அதன் நன்மை தீமை தனியே பேசப்பட வேண்டியது. இங்கே சொல்ல வந்தது, ஒரே விலங்கு ஒருவருக்கு விடுமுறை மகிழ்ச்சி, இன்னொருவருக்கு அவ்வாண்டு வருமானம் என்பதைத்தான். முதலாமவர் நுழைவுச்சீட்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். காட்சியின் உண்மையான விலையை இரண்டாமவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதைச் சிந்திக்க டி. கல்லுப்பட்டியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தவர். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற நூலில், மனிதப் பொருளாதாரத்தை அவர் ஐந்து படிகளாக வகுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வருகிறது. ஆட்டைக் கொன்று தின்னும் புலி முதற்படி. தோப்பில் புகுந்து, தான் வைக்காத மரத்தின் பழத்தைப் பறிக்கும் குரங்கு இரண்டாம் படி. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது, உச்சப்படி.

குரங்குக்கு இதில் கொஞ்சம் அநீதி நடந்துவிட்டது என்பது என் எண்ணம். தின்ற பழத்தின் விதையை எங்கோ கொண்டுபோய்ப் போட்டு அது தன் கடனைத் தீர்க்கிறது. கோடையில் காட்டுக்குப் போய் நீர்நிலைக் கரையில் நின்று, காட்சியை மட்டும் பறித்துக்கொண்டு திரும்பும் நம்மை இந்தப் படிகளில் எங்கே வைப்பது? இரண்டாம் படியில் வைத்தால் குரங்கு மறுக்கக்கூடும்.

*

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். அவற்றில் வலுவானது, பார்க்காமல் அன்பு எப்படி வரும் என்பது. குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகாவிட்டால் நாளை காட்டுக்காகப் பேச யார் இருப்பார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் பார்ப்பதற்குக் கோடை எதற்கு? மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் அடிவாரத் தோப்பின் விளிம்பில் நின்று அண்ணாந்து பார்த்தால் அணிலின் கூடு தெரியும். பொறுமையிருந்தால் அணிலும் தெரியும். அதே மாதங்களில் நிறைந்த கண்மாயில் நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். விலங்குக்குத் தண்ணீரும் மறைவும் இருக்கும் காலத்தில் பார்ப்பது பார்க்கப்படுவதற்கும் மரியாதை. யானை அகப்படாமல் போகலாம். அகப்படாமல் போகவும் உரிமை உள்ளது என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது சிறிய கல்வி அன்று.

கோடையில் யாருமே பார்க்கக் கூடாது என்பதும் என் கட்சி அன்று. வனத்துறையின் யானைக் கணக்கெடுப்பு மே மாதத்தில் நடப்பதற்கும் காரணம் இதுவே. நீர்நிலைகளில் எண்ண முடியும். தமிழகக் காடுகளில் 2023இல் 2,961 என்றும், 2024இல் 3,063 என்றும் யானைகள் கணக்கிடப்பட்டன. அங்கே பார்த்தது பதிவாகிறது, பதிவு திட்டமாகிறது. கண்டவர் கடன் ஓரளவு தீர்கிறது. கோடையில் வனத்துறை தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவதையும் குறை சொல்ல மாட்டேன். வறட்சியில் வேறு வழியில்லை. ஆனால் தொட்டி நிரந்தரமானால் விலங்குகள் அதைச் சுற்றியே தங்கும், சுற்றுப்புறம் மேய்ந்து மொட்டையாகும், நோய் பரவ எளிதாகும். அந்தத் தொட்டியையே காட்சி மேடையாக்கிச் சுற்றுலா வண்டிகளை அங்கே விடுவது, தண்ணீர்ப் பந்தல் வைத்துவிட்டுக் குடிக்க வருகிறவர்களை வேடிக்கை பார்க்க ஆள் கூட்டுவதற்கு ஒப்பு.

வண்டி ஓட்டுகிறவர்களின், வழிகாட்டிகளின் பிழைப்பு என்ன ஆகும் என்பது மூன்றாவது கேள்வி. கோடைக் காடு மனிதருக்கும் ஆபத்தானது என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீ நமக்குக் காட்டிவிட்டது. மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அந்தப் பருவத்தில் காட்டுக்குத் தேவைப்படுவது தீத்தடுப்புக் கோடு வெட்டவும் புகை கண்டதும் ஓடவும் ஆட்கள். செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் தலைமுறைகளாக வாழும் பளியர்கள் அந்தக் காட்டைத் தங்கள் உள்ளங்கை போல் அறிந்தவர்கள். அவர்களுக்கும் அடிவாரத்து இளைஞர்களுக்கும் சுற்றுலா நிற்கும் அந்த மூன்று மாதமும் காவல் வேலைக்குரிய கூலியை முறையாகக் கொடுக்கலாம். அது சலுகை ஆகாது. காடு எரியாமல் இருப்பதன் விலை.

*

ஆக, நான் கேட்பவை நான்கு. மாசி முதல் கோடைமழை நன்றாக விழும் வரை, காப்பகத்தின் நீர்நிலைகளை ஒட்டிய சுற்றுலாவை ஆண்டுதோறும் விதியாகவே நிறுத்த வேண்டும். தீப்பற்றிய பிறகோ வறட்சி முற்றிய பிறகோ அவசர ஆணையாக நிறுத்துவது போதாது. அடிவாரத்தில் பயிர் இழந்தவருக்கு, உழுதவர் குத்தகைக்காரர் என்றாலும், இழப்பீடு அந்தப் பருவத்துக்குள் சேர வேண்டும். காப்பகத்தை ஒட்டிய ஓடைக்கரை மரங்களையும் பழைய மாந்தோப்புகளையும் கணக்கெடுத்து, அவற்றை வைத்திருப்பவருக்கு வைத்திருப்பதற்காகவே ஊக்கத்தொகை தர வேண்டும். நான்காவது அரசிடம் அல்ல, நம்மிடம்: கோடையில் ஒரு விலங்கு தற்செயலாகக் கண்ணில் பட்டால், இடம், நாள், நேரம், தண்ணீர் இருந்ததா, மரம் இருந்ததா என்று நான்கு வரி எழுதி வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு நகர்ந்துவிடுவது. இடத்தின் பெயரோடு படத்தைப் பரப்பாமல் இருப்பது.

பெருங்கடுங்கோவின் தலைவன் காட்டில் கண்டதை வீட்டில் வந்து சொன்னான். கேட்டவள் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். நாம் சொல்வதையும் அப்படி எடுத்துக்கொள்ளக்கூடியவர்கள் வீட்டில், வகுப்பில் இருக்கிறார்கள். அடுத்த கோடையில் முதல் மழை விழுந்து, சாப்டூர்ச் சரிவில் இலை துளிர்த்து, ஓடையில் நீர் இறங்கியபின் மலைப்பக்கம் போய்வந்த ஒருவர், இந்தத் தடவை ஒன்றையுமே பார்க்க முடியவில்லை என்று சொன்னால், அதை ஒரு நல்ல செய்தியாக அவர்களிடம் சொல்லப் பழகுவோம்.